உளி கற்பித்த உயிரியல்

அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களுக்குள் அடைபட்டுக் கிடப்பது என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றி நிற்கிறது. அது வீட்டு அடுப்படியிலும் தோட்டத்து நிரைகளிலும் உலவுகிறது என்று எடுத்துச் சொல்வாரும் குறைவு; கேட்பாரும் குறைவு. பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடொன்றில் ஓர் இரவு நிகழ்ந்த சிறு உரையாடல் இக்குறையை நன்கு உணர்த்தக் கூடியது.

படிவம் ஆறில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின், வேற்று மொழிகளில் அறிவியலைக் கற்று மேல்வகுப்பை எட்டியவள். அன்று வகுப்பில் விறைப்பழுத்தத்தின் வரையறையை ஆசிரியர் கேட்டபோது அவள் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்தாள். “நன்று, அப்படியானால், ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்டுவது ஏன்?” என்று அவர் அடுத்து வினவினார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தன் பாட்டி செபராங் பிறைத் தோட்டமொன்றில் பல்லாண்டு பால்மரம் வெட்டியவர் என்பது அவள் நினைவுக்கு வந்தது. எனினும், தோழியர் முன்னிலையில் அதைச் சொல்ல நாணித் தலைகவிழ்ந்தாள். விடை தெரியாமை ஒரு குறை. விடை தெரிந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டே வெளியில் சொல்ல வெட்கியது மற்றொரு குறை. வீடு திரும்பும்வரை அவளை உறுத்தியது இரண்டாவது குறையே.

இரவு உணவுக்குப் பின் அவள் கேட்டாள்: “பாட்டி, பால்மரத்தை ஏன் இருட்டோடவே வெட்டுனீங்க?”

“வெயில் ஏறிட்டா மரம் சோர்ந்துடும் ஆயி. பால் சரியா ஓடாது. அதனாலதான் கோழி கூவுறதுக்கு முன்னாடியே பெரட்டுக்குப் போய் நிப்போம்.”

மூதாட்டியின் இச்சிறு விடைக்குள் பாடநூலின் ஓர் இயல் முழுவதும் அடங்கியிருந்தது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கின்றன, நீராவிப்போக்குக் குறைகிறது. வேர் உறிஞ்சிய நீர், சவ்வூடு பரவல் முறையில் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை விம்மச் செய்கிறது. விடியற்காலையில் பாற்குழாய்களுக்குள் நிலவும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்கை ஒட்டி இருக்கும். மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டிலும் இது பன்மடங்கு மிகுதி. அந்நேரத்தில் உளி பட்டதும் பால் பீறிட்டு வழிவதன் காரணம் இதுவே. கதிரவன் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் தளர்கிறது, பால் ஓட்டமும் குன்றுகிறது. ‘மரம் சோர்ந்துவிடும்’ என்று மூதாட்டி சொன்னதும் ‘விறைப்பழுத்தம் குறையும்’ என்று நூல் சொல்வதும் ஒன்றேயன்றி வேறல்ல.

மாணவியின் ஆவல் பெருகிற்று. மரத்தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து காட்டினாள். பாட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வளர்படை எனப்படும் மெல்லிய வளையத்தை அவள் சுட்டியதும், “அதுல உளி படக்கூடாது. பட்டா மரம் முண்டு முண்டா வீங்கிடும். திரும்ப அந்தப் பக்கம் வெட்ட முடியாது. ஆழம் குறைஞ்சாலும் பால் வராது” என்றார்.

பாற்குழாய்கள் உட்பட்டையில், வளர்படைக்கு அருகில்தான் செறிந்திருக்கின்றன. ஆகவே வளர்படையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும், ஆனால் தீண்டலாகாது. புதிய பட்டையை ஆக்கித் தரும் உயிரணுக்கள் அவ்வளர்படையில்தான் பிரிந்து பெருகுகின்றன. அதைக் காயப்படுத்தினால் பட்டை சீராக வளராது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, ஒரே வெட்டுக்கோட்டை மெல்லியதாகச் சீவிச் சீவித் திறந்து, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையை இம்மண்ணில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில், தலைவிளக்கின் சிற்றொளியில், பிழையின்றிச் செய்துகாட்டியவர்களுள் தமிழ்ப் பெண்கள் எண்ணற்றோர்.

அடுத்து அவள் வெட்டுக்கோட்டை வரைந்தாள். பாட்டி சிரித்துவிட்டார். பேத்தியின் கையிலிருந்த எழுதுகோலை வாங்கி, உளியைப் பிடிப்பதுபோல் பிடித்து, தாளின் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு கோடிட்டார். “இப்படித்தான் சாயணும். நீ போட்டிருக்கிறது தலைகீழ்” என்றார். ஏன் என்று கேட்டபோது, “அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க” என்பதற்கு மேல் அவரால் விளக்க இயலவில்லை. பேத்தி நூலைப் புரட்டினாள். பாற்குழாய்கள் தண்டினுள் செங்குத்தாக நிற்பதில்லை. இடமிருந்து வலமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. எதிர்த்திசையில் சரியும் வெட்டு மிகுதியான குழாய்களைத் திறந்துவிடுகிறது. இதைப் பேத்தி படித்துச் சொன்னபோது, “அப்படியா சங்கதி!” என்று பாட்டி வியந்தார். செய்கை ஒருவரிடமும் காரணம் மற்றொருவரிடமும் இருந்தன. அவ்விரவில் அவை இரண்டும் கூடின.

மூதாட்டியின் கருத்துகள் யாவும் சரியென்று கொள்வதற்கில்லை. பாலை அவர் மரத்தின் இரத்தம் என்றே எண்ணியிருந்தார். அவ்வாறன்று. இலைகள் ஆக்கும் சர்க்கரையை மரமெங்கும் கொண்டுசெல்பவை பட்டையிலுள்ள வேறு குழாய்கள். பாலோ, பாற்குழாய் உயிரணுக்களின் உள்ளடக்கமே. அதில் பெரும்பகுதி நீர். நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை ரப்பர். வெட்டுவாயில் பால் தானாக உறைந்து குழாய்களை அடைப்பதால்தான் ஓட்டம் சில மணி நேரத்தில் நிற்கிறது. மறுமுறை வெட்டும்போது முதலில் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் அவ்வடைப்பின் எச்சம். இழந்த பாலை மரம் சர்க்கரையைக் கொண்டே மீண்டும் ஆக்கவேண்டியிருப்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கம் ஏற்பட்டது. ‘மரத்துக்கும் ஓய்வு வேணும்’ என்ற தோட்டத்துச் சொல், வளர்சிதை மாற்றத்தின் எளிய விளக்கமாகும்.

பேச்சு செம்பனைக்குத் திரும்பியது. ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபின், பாட்டி பெண்பூங்குலைகளுக்கு மகரந்தத் தூளை அடிக்கும் வேலைக்குச் சென்றார். செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. மரம் வந்ததேயன்றி அதற்கு உரிய பூச்சி உடன் வரவில்லை. ஆதலால் பூச்சியின் பணியை மனிதக் கைகள் செய்யவேண்டியதாயிற்று. கேமரூன் நாட்டில் இதனை ஆராய்ந்த ரஹ்மான் சையத், மகரந்தச்சேர்க்கையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என நிறுவினார். அது வேறு பயிர்களைக் கெடுக்காது என்று சோதித்தறிந்தபின், 1981இல் ஜொகூர்த் தோட்டமொன்றில் அவ்வண்டு விடப்பட்டது. ஆண்பூவில் உண்டு முட்டையிடும் அவ்வண்டு, சோம்பின் மணத்தை ஒத்த வாசனையால் ஈர்க்கப்பட்டுப் பெண்பூவுக்கும் சென்று மகரந்தத்தை உதிர்க்கிறது. விளைச்சல் பெருகிற்று. கையால் தூள் அடிக்கும் வேலையும் மறைந்தது.

“ஒரு வண்டு வந்து எங்க வேலையை எடுத்துக்கிச்சு” என்றார் பாட்டி. அக்குரலில் கசப்பும் இருந்தது, நகைப்பும் இருந்தது. உயிரினங்களின் ஒன்றையொன்று சார்ந்த வாழ்வைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்த பேத்திக்கு, அச்சார்பின் ஒரு முனையில் தன் குடும்பத்துச் சோறும் இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. நாட்டின் வருவாயைப் பெருக்கிய கண்டுபிடிப்பு, அத்தொழிலாளியின் வாயிலில் வேறு முகத்தோடு வந்து நின்றது. இரண்டும் உண்மையே, பாடநூலில் முதலாவது மட்டும் இருக்கிறது.

உயரணுவும் அழுத்தமும் சவ்வூடு பரவலும் மகரந்தச்சேர்க்கையும் எம்மொழியில் தேர்வுக்கு எழுதப்பட்டாலும், கருத்து முதலில் வேர்கொள்ளும் இடம் தாய்மொழியே. சொல்லை மட்டும் மனனம் செய்த பிள்ளை, வினாவின் வடிவம் மாறியதும் திகைக்கிறது. பொருளைக் கண்ட பிள்ளை எம்மொழியிலும் விடை எழுதும். தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் ஆறாண்டுப் பணி இங்கேதான் பயன் தருகிறது. உளியும் மங்கும் வாளியும் பிடித்த கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. ‘உங்கள் பாட்டியிடம் கேட்டு வாருங்கள்’ என்று ஒருநாள் பாடத்தின் முடிவில் சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அக்கைகள் நெடுநாள் காத்திரா.

மறுநாள் மாணவி ஆசிரியரிடம் விடையைக் கூறினாள். “எந்த நூலில் படித்தாய்?” என்று அவர் கேட்டார். அவள் ஒரு கணம் தயங்கினாள். பின்னர் நிமிர்ந்து, “என் பாட்டி பால்மரம் வெட்டியவர், ஐயா” என்றாள்.