பிரபுத்த பாரதமும் இரு தமிழ் ஆசிரியர்களும்

தேற்றாத்தீவிலிருந்து பிரதான வீதியில் தெற்கே சென்றால் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. வடக்கே சென்றால் அவரது சமாதி அமைந்த கல்லடி உப்போடை. இடையிலுள்ள எங்கள் ஊர்களில் யாழ் நூலின் ஆசிரியராகவும் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவியவராகவும் அடிகளை அறியாதவர் இல்லை. அவர் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார் என்றால்தான் பலர் வியக்கின்றனர்.

அவர் நடத்திய 'பிரபுத்த பாரதம்' விக்டோரியா மகாராணி காலத்தில் பிறந்த ஆங்கில மாத இதழ். விவேகாநந்தரின் தூண்டுதலால் 1896 ஜூலையில் சென்னையில் தொடங்கியது. முதல் ஆசிரியர் பி. ஆர். ராஜம் ஐயர். ஆம், 'கமலாம்பாள் சரித்திர'த்தை விவேக சிந்தாமணியில் தொடராக எழுதியவரேதான். அப்போது அவருக்கு வயது 24. தம் பெயரில் மட்டுமன்றிப் பல புனைபெயர்களிலும் அவரே எழுதினார். (பக்கம் காலியாகக் கிடக்கையில் ஆசிரியரே நாலு பேராக மாறும் வித்தையைப் பத்திரிகைக் காரியாலயங்களில் நானும் நிறையக் கண்டிருக்கிறேன்.) 1898 மே மாதம், 26 வயதில் அவர் மறைந்தார். ஜூன் இதழோடு பத்திரிகையும் நின்றது. ஆகஸ்டில் அல்மோராவில் மீண்டும் தொடங்கி, 1899இல் இமயமலையின் மாயாவதி ஆச்சிரமத்துக்கு இடம்பெயர்ந்தது.

அந்த மாயாவதிக்குத்தான் 1939இல் எங்கள் காரைதீவுத் துறவி ஆசிரியராகச் சென்றார். அவருக்கு இது புதிய தொழிலன்று. 1920களில் சென்னை மடத்தில் தமிழில் 'இராமகிருஷ்ண விஜய'த்தையும் ஆங்கிலத்தில் 'வேதாந்த கேசரி'யையும் கவனித்த அனுபவம் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர். யாழ் நூல் வெளிவந்ததோ 1947இல்தான்.

ஆசிரியப் பணிக்கு ஒரு சாபம் உண்டு: பிறர் எழுத்தைத் திருத்தியவன் பெயர் எங்கும் நிற்காது. இலண்டனின் 'அத்தெனியம்' இதழில் நூல் மதிப்புரைகள் பெயரில்லாமலே வந்தன. 1865இல் தோன்றிய 'ஃபோர்ட்நைட்லி ரிவியூ'தான் எழுதியவர் பெயர் வேண்டும் என்று வற்புறுத்தியது. ராஜம் ஐயர் இவ்விடயத்தில் கொடுத்துவைத்தவர். அவரது இதழ்க் கட்டுரைகள் 1905இல் 'ராம்பிள்ஸ் இன் வேதாந்தா' என்னும் நூலாயின.

அடிகளின் மாயாவதி நாட்களோ எங்கள் விழா மேடைகளில் ஒரு வரிச் செய்தியாகவே கடந்துபோகின்றன. 1939 தொடக்கம் 1941 வரையான இதழ்களை மட்டக்களப்பு மாணவர் ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்து, அடிகளின் கை தெரியும் இடங்களைக் குறித்துவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிரபுத்த பாரதம் இன்றும் வெளிவருகிறது. பழைய இதழ்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலமும் பொறுமையும் உள்ள ஒருவர்தான் தேவை.