ப்ளக்-இன் மாப்பிள்ளை

பி.காம். படித்தவனை நம்பி யாராவது வெப்சைட் கட்டச் சொல்வார்களா? என் மச்சான் சொன்னார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். 2020, 2021 இரண்டு வருஷமும் லாக்டவுனில் ஷட்டரை இறக்கியதில் மனுஷர் ஆடிப்போய்விட்டார். ‘‘மாப்ளே, ஊர் உலகமெல்லாம் நெட்டுலதான் விக்கிறாங்களாம். நீங்கதான் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கீங்களே... நமக்கும் ஒரு கடை போட்டுக் குடுங்க!’’ என்றார்.

நான் உட்கார்ந்திருப்பது இந்த மாதிரிக் கட்டுரைகள் டைப் அடிக்க. அதைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். சொல்லவில்லை.

வேர்ட்பிரஸ் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் 2003-லிருந்து இருக்கிறது. முதலில் டைரி மாதிரி எழுதிப் போடத்தான் வந்தது. அதில் கடை நடத்த வேண்டுமென்றால் ‘ப்ளக்-இன்’ என்று ஒன்றைச் செருக வேண்டும். மிக்ஸியில் சட்னி ஜாரைக் கழற்றிவிட்டு ஜூஸ் ஜார் மாட்டுகிறோமே, அந்த மாதிரி. நான் பிடித்த ப்ளக்-இன்னும் இலவசம். ‘கோடிங் தெரிய வேண்டியதில்லை’ என்று வேறு கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

வாஸ்தவம்தான். முதல் நாள் தெரிய வேண்டியிருக்கவில்லை. சேலை போட்டோவை ஏற்று, விலையைப் போடு, பட்டனை அமுக்கு. கடை ரெடி! மச்சான் செல்போனை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். அத்தை எனக்கு மட்டும் தனியாக நாட்டுக்கோழி வைத்தார்.

இரண்டாம் நாள் மச்சான் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். ‘‘கூரியர்காரன் எடை போட்டுத்தானே காசு வாங்குறான், நம்ம கடையிலயும் எடைக்குத் தகுந்த மாதிரி வாங்க முடியாதா?’’ முடியும். அதற்கு இன்னொரு ப்ளக்-இன். அது இலவசமில்லை. டாலரில், வருஷா வருஷம் கட்ட வேண்டும். சாப்பாடு ஃப்ரீ என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டு, சாம்பார் கரண்டிக்குத் தனியாகப் பில் போட்டால் எப்படி இருக்கும்!

காசு கொடுக்காமல் செய்ய வழி உண்டா என்று தேடினால், யாரோ ஒரு புண்ணியவான், ‘ரொம்ப ஸிம்பிள், கீழே உள்ள எட்டு வரிகளை உங்கள் தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் ஒட்டவும்’ என்று எழுதியிருந்தார். (இவர்கள் ‘ஸிம்பிள்’ என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.) ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஃபைலைக் கண்டுபிடித்து ஒட்டினேன். ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிற்று. கடையையே காணோம்! சேலை இல்லை, விலை இல்லை, கோளாறு என்று ஒரு வரி மட்டும் நின்றது. எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு ஸைஃபர் விட்டுப்போனால் ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாது. அதற்காக பாங்க் கட்டடமே மறைந்துவிடாது ஸார்!

விடியற்காலை மூன்று மணிக்கு அந்த எட்டு வரிகளையும் அழித்துக் கடையை மீட்டேன். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் 2021 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் நடந்தது.

கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடியில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. முடிச்சுப் போட்டு முடிக்கவே நாள்கணக்கில் ஆகும். அரக்கு கலரில் மஞ்சள் புள்ளி வைத்து அப்படி ஒரு சேலை, 1,850 ரூபாய். ஸ்டாக் ஒன்றே ஒன்று. கோயமுத்தூரிலிருந்து ஒரு ரிடையர்ட் டீச்சர் போன் பண்ணினார். ‘‘தம்பி, பணம் கட்டி நாலு நாளாச்சு. பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. அந்தச் சேலையைத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டிருக்கா. எப்ப வரும்?’’

மச்சான் கடையைத் திறந்து பார்த்தால், அவர் ஆர்டருக்கு நேரே ‘கேன்சல்டு’ என்றிருந்தது. சேலை பெங்களூரில் இன்னொரு அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ராத்திரி ஆயிற்று. பணம் கட்டிய சேதி கடைக்கு இரண்டு வழியாக வருகிறது. வாங்குகிறவர் பணம் கட்டிவிட்டு அதே பக்கத்துக்குத் திரும்பி வந்தால் ஒரு வழி. வராவிட்டால், பணம் வாங்கும் கம்பெனியே நம் கடைக்கு ரகசியமாக ஒரு தகவல் அனுப்பும். அதற்கு ‘வெப்ஹுக்’ என்று பெயர். டீச்சர், பாங்க் எஸ்.எம்.எஸ். வந்ததுமே எல்லாவற்றையும் மூடிவிட்டார். (யார்தான் மூட மாட்டார்கள்?) இரண்டாவது வழிக்கான ரகசியச் சாவியை நான் காப்பியடித்து ஒட்டும்போது கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. ப்ளக்-இன்னுக்கு ஒரு வழக்கம் உண்டு. 60 நிமிஷத்துக்குள் பணம் வந்த சேதி தெரியவில்லையென்றால் ஆர்டரை ரத்து செய்து, சேலையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடும். வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, விற்றவருக்கும் சொல்லவில்லை.

அந்த 60 நிமிஷ வழக்கம் தப்பென்று சொல்ல மாட்டேன். காசு கட்டாதவருக்காக ஒற்றைச் சேலையை எத்தனை நாள் பிடித்து வைப்பது? ஆனால் அப்படி ஒரு கெடு இருப்பதை, ‘கோடிங் தெரிய வேண்டியதில்லை’ என்று எழுதிய அதே கொட்டை எழுத்தில் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். செட்டிங்ஸில் நாலாவது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 60 என்று இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். ஏதோ டிஸ்கவுன்ட் சமாசாரம் என்று தாண்டிப் போய்விட்டேன்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீச்சருக்குப் போன் போட்டு, ‘‘தப்பு எங்க மேலதாம்மா’’ என்றார். கடையிலிருந்த அரக்குச் சேலை அத்தனையையும் விரித்துப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அவர்கள் எடுத்தது 2,400 ரூபாய்ச் சேலை. வித்தியாசத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறித் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

‘‘மச்சான், அந்த 550-ஐ எந்தக் கணக்குல எழுதுறது?’’

‘‘மாப்பிள்ளைச் செலவுன்னு எழுதுங்க.’’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணம் பாங்குக்கு வந்திருக்கிறது, நம் புத்தகத்தில் ஏறவில்லை. பி.காமில் இதற்குப் பெயர் பாங்க் ரீகன்ஸிலியேஷன்! பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஆறு வாரத்துக் கணக்கைப் பணக் கம்பெனியின் ஸ்டேட்மென்ட்டோடு வரிக்கு வரி டிக் அடித்தேன். பணம் கட்டியும் ரத்தான ஆர்டர்கள் இன்னும் நாலு அகப்பட்டன. அதில் ஒருவர் போன் பண்ணித் திட்டியபோது, ராங் நம்பர் என்று மச்சான் வைத்திருக்கிறார். நாலு பேரையும் கூப்பிட்டு, மூன்று பேருக்குச் சேலையும் ஒருவருக்குப் பணமும் அனுப்பினோம்.

இப்போது ரகசியச் சாவி முழுசாக இருக்கிறது. இருந்தாலும் சனிக்கிழமை ராத்திரிகளில் மச்சான் ஸ்டேட்மென்ட்டை அனுப்பிவிடுவார். நான் டிக் அடித்துக் கொடுப்பேன். போன வாரமும் அப்படி உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

‘‘மாப்ளே, கடையில சிவப்பு வட்டம் போட்டு ஏழு அப்டேட்னு காட்டுதே, என்னது?’’

‘‘அமுக்கிடாதீங்க மச்சான்! முதல்ல பேக்கப் எடுக்கணும். நான் வந்து...’’

‘‘அமுக்கிட்டேனே. இப்ப ஒண்ணுமே தெரியலை, வெள்ளையா இருக்கு. பரவாயில்லை, அவசரமில்லை... சாப்பிட்டுட்டு வாங்க.’’