ஏணி மேல் ஏறிப் பிடித்த செய்தி

பிரிஞ்சாங் நெரிசலைத் தாண்டி, கம்போங் ராஜா போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் திரிங்காப். சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். தேயிலை பார்க்க வருகிறவர்கள் சுங்கை பாலாஸ் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். இங்கே நின்றால் கீரையும் சோளமும் வாங்கத்தான்.

நான் போனது உறவுக்காரத் தாத்தா ஒருவரைப் பார்க்க. தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். சூடாகத் தேநீர் கொடுத்தார், ஊர்க்கதை பேசினார். டிவி2-இல் தமிழ்ச் செய்தி தொடங்கியதும் கையைக் காட்டிவிட்டார். “இரும்மா, முடியட்டும்.”

முடிந்த பிறகுதான் பழைய கதை வந்தது. லயத்தில் ஒரே ஒரு டிவி இருந்த காலம். மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா, ஏணி மேல் ஒருவர். “வருதா?” என்று அவர் கேட்க, உள்ளேயிருந்து “வருது, வருது... போச்சு!” என்று கூட்டமே கத்துமாம்.

கேட்டதும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் ஞாபகம் வந்தது. நாடு பிரிந்திருந்தபோது, எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடந்த அந்த ஊருக்கு மேற்கு ஜெர்மனியின் டிவி அலை எட்டவில்லை. விவரம் தெரியாதவர்களின் பள்ளத்தாக்கு என்று கேலி பேசினார்கள். 1990-இல் நாடு மீண்டும் இணைந்தது. 1992 ஜனவரி 1 முதல் அந்தப் பகுதியின் மூன்று மாநிலங்களுக்கென்றே எம்டிஆர் என்ற பொது ஒளிபரப்பு நிலையம் இயங்குகிறது.

நம் கதை வேறு. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானது. அதே ஆண்டு டிசம்பர் 28-இல் கோலாலம்பூரிலிருந்து தொலைக்காட்சி தொடங்கியது. எல்லாம் தலைநகரிலிருந்துதான். சபாவுக்கே 1971-இல்தான் டிவி போனது. தமிழுக்கு வானொலியில் மின்னல் எப்எம் என்று முழு அலைவரிசை இருக்கிறது. அரசுத் தொலைக்காட்சியில் கிடைத்திருப்பது, மற்ற மொழிகளோடு பங்கு போட்டுக்கொள்ளும் நேரம் மட்டுமே. எனக்கு இது குறைதான்.

தாத்தாவுக்கு அப்படி இல்லை. “ஆஸ்ட்ரோவுக்கு மாசா மாசம் காசு கட்டணும். இது சும்மா வருது. தோட்டச் சம்பளம், தமிழ்ப்பள்ளி, எல்லாம் நம்ம நாட்டு விஷயம், நம்ம பாஷையில.” 2019 அக்டோபரோடு அனலாக் ஒளிபரப்பு நின்றபோது அவர் கவலைப்பட்டது செய்தியை நினைத்துத்தான். பேரன் டிகோடர் பெட்டியை மாட்டிக் கொடுத்தான். அந்தப் பேரனுக்கோ எல்லாமே கைப்பேசியில்தான். எட்டு மணி, ஒன்பது மணி என்று காத்திருக்கும் பழக்கமே இல்லை. பார்க்க ஆளில்லை என்று நாளைக்கு அந்த நேரத்தையும் குறைத்துவிட்டால், யாரைப் போய்க் கேட்பது?

மறுநாள் காலை குனோங் பிரிஞ்சாங் ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுகலான சாலை, எதிரே வண்டி வந்தால் மூச்சு நின்றுவிடும். 2,031 மீட்டர் உயரத்தில் ஒலி, ஒளிபரப்புக் கோபுரம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேல் பாதி பனிமூட்டத்துக்குள் போயிருந்தது.

திரும்பி வந்ததும் தாத்தா கேட்டார்: “கோபுரம் தெரிஞ்சுச்சா?”

“பாதி தெரிஞ்சுச்சு தாத்தா.”