அடைத்திருக்கும் கிழக்கு வாசல்

காமயகவுண்டன்பட்டியில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து இறங்கி வருவதுதான். ஊருக்குப் பக்கத்திலேயே சுருளித் தீர்த்தம். வயலுக்குப் பெரியாற்றுத் தண்ணீர். 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் பெரியாற்றின் குறுக்கே அணையைக் கட்டி முடிக்காமல் போயிருந்தால் பெரியாறு முழுக்க அரபிக்கடலுக்கே போயிருக்கும். கடலுக்குப் போக வேண்டியதை மறித்து நெல்லும் திராட்சையும் வளர்த்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் அப்பத்தா அறுபது வயது வரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லை.

ஊரில் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துக் கன்னியாகுமரிக்குப் போனோம். ராத்திரி முழுக்கப் பயணம். விடிகிற நேரத்தில் அப்பத்தா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் இறங்கினாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள்.

"ஏய்யா, இம்புட்டுத் தண்ணியும் உப்பா? ஒரு குழி நெலத்துக்குக்கூட ஆகாதே!"

முறைத் தண்ணீருக்காக ராத்திரி ராத்திரியாக வாய்க்கால் கரையில் காத்துக் கிடந்தவளின் கேள்வி அது. கேட்டுவிட்டு, அதே தண்ணீரைத் தலையிலும் தெளித்துக்கொண்டாள்.

அங்குள்ள கோயிலில் பகவதி அம்மன் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறாள். நாம் நுழைவதோ வடக்கு வாசல் வழியாக. 1956 வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர். அந்தச் சீமை வழக்கப்படி ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கருவறையில் எண்ணெய் விளக்கு வெளிச்சம். வலது கையில் ஜெபமாலை. அம்மனின் பேர்பெற்ற மூக்குத்தியை நானும் பார்த்தேன். சின்னதாக, விட்டுவிட்டு மின்னியது. அதன் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் கிழக்கு வாசலை அடைத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆடி, தை அமாவாசை போன்ற சில விசேஷ நாட்களில் மட்டும் திறக்கிறார்கள். எதிரே கடலுக்குள் பாறைகள் நிற்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கதையை லேசாகத் தள்ளிவிட மாட்டார்கள். கரை தெரியாமல் தவித்தவர்களின் பயம் அதில் இருக்கிறது.

ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, எரித்திரியக் கடல் (செங்கடல், இந்தியப் பெருங்கடல்) வழிகளைக் கிரேக்க மொழியில் எழுதி வைத்த பெயர் தெரியாத ஒரு கடலோடி குமரியைக் குறிப்பிடுகிறார். இங்கே ஒரு தேவி தங்கி நீராடினாளாம். அதனால் ஆண்களும் பெண்களும் வந்து நீராடி, துறவு பூண்டு வாழ்கிறார்களாம். இப்படிக் கடலைப் பார்த்திருக்கும் தேவி வேறு இடத்திலும் உண்டு: ஜப்பானில் ஒகினோஷிமா என்றொரு தீவு இருக்கிறது. முனகதா கடல் தேவியர் மூவரில் ஒருத்தியின் இடம், தீவே கோயில். கொரியாவுக்கும் சீனாவுக்கும் கப்பல் விட்ட காலத்தில் பயணம் நல்லபடியாக முடிய அங்கே பூஜை செய்தார்கள். 2017இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே போக அனுமதி பெற்றவர்களும் கடலில் முழுகி எழுந்துதான் கரையில் கால் வைக்கலாம். அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது. பெண்களுக்கு அனுமதி இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தேவியின் வீட்டுக்குப் பெண் போகக் கூடாதா? குமரிக்கு அந்தக் காலத்திலேயே பெண்களும் வந்திருக்கிறார்கள்.

கும்பிட்டு முடித்த அப்பத்தா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "சாமி கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நாம குறுக்க நிக்கலாமாய்யா?"

நந்திக்கும் சிவனுக்கும் நடுவே போகக் கூடாது என்று வளர்ந்தவள். எனக்கு அப்போதுதான் உறைத்தது: என் முதுகுக்குப் பின்னால் அடைத்த கதவு, அதற்கும் பின்னால் கடல். அம்மன் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல. கட்டுமரத்தில் போனவர்களை, இன்னும் கரை சேராதவர்களை. மலைத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாங்கள் அங்கே விருந்தாளிகள்.

குமரிக்குப் போகிறவர்கள் தரிசனம் முடிந்ததும் வேன் ஏறிவிடாதீர்கள். கிழக்கே கடலோரம் போய், அம்மன் பார்க்கிற பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.