கச்சு நாட்டில் கண்ட சித்திரத்தையல்

சென்ற ஜனவரி மாதத்தில் காந்திதாமில் நடைபெற்ற மூன்று நாள் கூட்டங்களுக்காக நானும் என் மனைவியும் அகமதாபாத்திலிருந்து சென்றிருந்தோம். காண்ட்லா துறைமுகத்தை நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டென்பது வாசகர்களில் சிலர் அறிந்ததே. கூட்டங்கள் முடிந்த மறுநாள், நாங்கள் தங்கியிருந்த வீட்டுச் சகோதரர், "ஐயா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு பூஜ் நகரைப் பார்க்காமல் போகலாமா?" என்றார். அவருடைய மனைவி குஜராத்தி நன்றாகப் பேசுவார். நால்வருமாகப் புறப்பட்டோம்.

காந்திதாமிலிருந்து பூஜ் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வழியெல்லாம் வறண்ட நிலமும் சீமைக்கருவேலும்தான். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று காலையில் இந்தப் பூமி அதிர்ந்தபோது பல்லாயிரம் பேர் மடிந்தனர். அஜ்ரக்பூர் என்னும் ஊரே அந்த அதிர்ச்சிக்குப் பின் உண்டானது. தமட்கா கிராமத்தில் தண்ணீர் கெட்டுப்போகவே, துணிகளுக்கு அச்சுச் சாயமிடும் கத்ரி குடும்பங்கள் இடம்பெயர்ந்து இதை ஏற்படுத்தினார்கள். அங்கேதான் 2016இல் 'ஸ்ருஜன்' அமைப்பினர் கைத்தையலுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தனர். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட எண்ணி நுழைந்தோம். பிற்பகல் வரை என் மனைவியை அங்கிருந்து அசைக்க முடியவில்லை.

ஸ்ருஜனின் தொடக்கம் கேட்கத்தக்கது. 1969இல் கச்சில் கொடிய பஞ்சம். பம்பாயிலிருந்து நிவாரணப் பணிக்கு வந்த சந்தாபென் ஷ்ராஃப் அம்மையார் தானேட்டி கிராமத்தில், இலவசமாகக் கொடுக்கும் உணவைப் பெண்கள் வாங்கத் தயங்கி, வேலை கேட்டதைக் கண்டார். அவர்கள் உடுத்தியிருந்த உடையிலேயே அந்த வேலை இருந்தது. சேலைகளைக் கொடுத்துத் தைக்கச் செய்து பம்பாயில் விற்றார். 2006இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பஞ்ச காலத்தில் பிச்சை கேளாமல் ஊசியை நீட்டிய அந்தப் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்பேன்.

ஒவ்வொரு சமூகத்திற்கும் ஒரு தையல். ஆஹிர் பெண்கள் சங்கிலித் தையலால் மயிலையும் கிளியையும் வரைகிறார்கள். ஆடுமாடு, ஒட்டகம் மேய்க்கும் ரபாரிப் பெண்கள் முக்கோணம், சதுரம், பாதாம் பருப்பு எனப் பல வடிவக் கண்ணாடிகளைப் பதிக்கிறார்கள். தேளும் ஒட்டகமும்கூட அவர்கள் துணியில் ஊர்கின்றன. கண்ணாடியில் துளை கிடையாது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலைப் போட்டு ஒரு சட்டம் கட்டி, அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டே சுற்றிலும் பின்னி இறுக்குகிறார்கள். 'காரேக்' என்றால் பேரீச்சங்காய். கறுப்பு நூலால் கட்டங்களின் கோட்டை முதலில் போட்டுவிட்டு, பிறகு வண்ண நூலால் நிரப்பும் தையல் அது.

இங்கே என் வீட்டுக் கதையொன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி நாகர்கோவில் பக்கத்தவள். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் அந்த வருமானத்தால் தங்கள் விடுதலையை வாங்கியதும் உண்டு. அந்த வட்டாரத்தில் ஊசி பிடிக்கும் கை தலைமுறையாக வருவது. திருமணமாகி வந்தபோது அவள் தைத்த தலையணை உறைகளும், கரையில் பூவேலை செய்த ஒரு சேலையும் கொண்டு வந்தாள். நானோ வேதாகமக் கல்லூரியிலிருந்து வெளிவந்த சூட்டில் இருந்தவன். நம் சபைகளில் உடையில் எளிமையைப் போதிக்கிறோம். அதை நான் இன்றும் போதிக்கிறேன். ஆனால் அன்று விருந்தினர் முன்பாக, "இதெல்லாம் விசுவாசிகளுக்கு இடறலாகும், நேரமும் வீண்" என்றேன். மறுநாள் வளையமும் நூற்கண்டும் பெட்டிக்குள் போயின. ஆசரிப்புக் கூடாரத்து வாசலின் தொங்குதிரை சித்திரத்தையல் என்றும், பெசலெயேலுக்கும் அகோலியாபுக்கும் அந்த வேலையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வரமும் அருளப்பட்டதென்றும் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். பெட்டிக்குள் கிடந்த ஊசி ஒருமுறையும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சும்ராசர் கிராமத்திற்குப் போனோம். 1971ஆம் ஆண்டுப் போரை ஒட்டி சிந்துவின் தார்பார்க்கரிலிருந்து கச்சிற்கு வந்து குடியேறினவர்களில் சிலர் அங்கே வாழ்கிறார்கள். இவர்களுடைய தையல் 'சூஃப்'. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வாசலில் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தார். துணியில் பென்சில் கோடோ கார்பன் தாள் அச்சோ இல்லை.

"படம் எங்கே என்று கேளுங்கள், அக்கா" என்றாள் என் மனைவி. கேட்டதற்கு, அந்தப் பெண்மணி ஊசிமுனையால் துணியின் இழைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எண்ணிக்கைதான் படம்!

அதிலும் வியப்பு, துணியின் பின்புறத்திலிருந்து தைக்கிறார்கள். ஊசி ஓரத்தில் மிகச் சிறிதளவே இழையைத் தூக்குகிறது. நீண்ட நூல் முழுவதும் முன்புறத்தில் பளபளவென்று படுக்கிறது. வரிசைக்கு வரிசை இழையைக் கூட்டிக்கொண்டே போனால் முக்கோணம். முக்கோணங்கள் சேர்ந்தால் பூ, மயில், அலை. ஓர் இழை தவறினால் அப்போது தெரியாது. பத்து வரிசை கடந்து, இரண்டு முக்கோணங்கள் சந்திக்க வேண்டிய இடத்தில்தான் தெரியும்.

என் மனைவி கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். மூன்றாம் வரிசையிலேயே பிசகிற்று. அந்தப் பெண்மணி கடிந்துகொள்ளவில்லை. நூலைப் பிரித்தெடுத்து, ஊசியை மறுபடியும் கையில் கொடுத்தார். இப்படி நான்கு முறை. நான் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்திருந்தேன். மூன்று மணி நேரத்தில் ஒரு முக்கோணம் ஆயிற்று. அதுவும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. வீட்டில் பழக விரும்பும் சகோதரிகள் முதலில் மேட்டி துணியை எடுத்துக்கொள்வது நல்லது என்கிறாள். அதில் இழைகள் கண்ணுக்குத் தெரியும். மெல்லிய பருத்தித் துணிக்குப் பிறகு போகலாம்.

திரும்பும் வழியில் சகோதரர் ரபாரிகளைப் பற்றி ஒன்று சொன்னார். மணப்பெண் தன் சீர்த்துணிகளையெல்லாம் தைத்து முடித்தபின்னரே புகுந்த வீடு போவது அவர்கள் வழக்கம். அதற்கே பல ஆண்டுகள் கடந்தன. ஆகவே 1995இல் தேபரியா ரபாரிகளின் பெரியவர்கள், தங்கள் பெண்கள் சொந்த உபயோகத்திற்குப் பூவேலை செய்யவே கூடாதென்று தடைவிதித்தார்கள். அவர்கள் கூறிய காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சீரின் அளவைக் குறைத்திருக்கலாமே, ஊசியை ஏன் பிடுங்கினார்கள் என்று எனக்குத் தோன்றிற்று. பெண்கள் சும்மா இருக்கவில்லை. கடையில் விற்கும் ரிப்பனையும் சரிகை நாடாவையும் வாங்கி, மெஷினில் தைத்துப் புதிய அலங்காரமொன்றை உண்டாக்கிவிட்டார்கள். 'ஹரி ஜரி' என்று அதற்குப் பெயர். பாபிபென் ரபாரி என்பவர் அதைக் கொண்டு பைகள் செய்து பெரிய தொழிலே நடத்துகிறார்.

இதைக் கேட்டபின் என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை. "அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"எதை?" என்றாள். சற்று யோசித்து, "அந்தத் தலையணை உறைகளா? அவை பெரியவனுக்குத் தொட்டில் துணியாகக் கிழிந்து போயின" என்றாள். பிறகு வெகுநேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூஜ் கடைவீதியில் இரண்டு ஊசிகளும், கறுப்பும் சிவப்புமாக நூற்கண்டுகளும் வாங்கினோம். இரவு இரயிலில் மற்றவர்கள் படுத்தபின் அவள் சிறுவிளக்கைப் போட்டுக்கொண்டு, "கண் தெரியவில்லை, இதைக் கோத்துத் தாருங்கள்" என்று ஊசியை நீட்டினாள். எனக்கும் கண்ணாடியில்லாமல் தெரியாது. மூன்றாம் முறை நூல் நுழைந்தது. விரம்காம் வந்தபோது விழித்துப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவள் எதையோ பிரித்துக்கொண்டிருந்தாள்.