எட்டரை மணி நேரமா, எட்டு மாதமா?

மார்ச் 3
அமெரிக்க ராக் பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட்டும் அவர் குழுவும் செய்த ‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’. 1969இல் வந்த இரட்டை இசைத்தட்டு, 28 உருப்படிகள். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டேன். அடுத்தடுத்த இரண்டு வீட்டு ரேடியோக்கள் ஒரே நேரத்தில் அலறுவதுபோல இருக்கிறது. வாய்க்கு வந்தபடி பாடி, கைக்கு வந்தபடி வாசித்திருக்கிறார்கள்.

மார்ச் 4
ஆறுதலுக்கு அவர்களுடைய முதல் தட்டு, 1967இன் ‘சேஃப் அஸ் மில்க்’. ரை கூடரின் கிட்டார், ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபை நினைவூட்டும் உறுமல். கால் தானாகத் தாளம் போட்டது. இரண்டே வருடத்தில் இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 6
நேற்று முழுக்க அலுவலகம். இன்று படித்ததில் தூக்கம் போய்விட்டது.

கைக்கு வந்த வாசிப்பே இல்லையாம். பீஃப்ஹார்ட் என்கிற டான் வான் விலீட்டுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. கட்டைகளைத் தட்டுவார், டிரம்ஸ்காரர் ஜான் ஃபிரெஞ்ச் அதைக் காகிதத்தில் குறித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைச் சொல்லிக்கொடுப்பார். லாஸ் ஏஞ்சலிஸ் ஓரத்தில் ஒரு வாடகை வீடு, ஏறக்குறைய எட்டு மாத ஒத்திகை. அதனால்தான் 20 உருப்படிகளின் வாத்தியப் பகுதியை ஸ்டுடியோவில் ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க முடிந்தது. வான் விலீட்டோ, மொத்தத்தையும் எட்டரை மணி நேரத்தில் எழுதியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் ஒரு மாதம் தினமும் ஒரு சின்னக் கோப்பை சோயாதான் சாப்பாடு என்று ஃபிரெஞ்ச் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கடையில் சாப்பாட்டுச் சாமான் திருடிப் பிடிபட்டவர்களைத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஸாப்பா ஜாமீனில் எடுத்திருக்கிறார். இதையெல்லாம் மேதைமைக் கணக்கில் எழுதுகிறவர்கள்மேல் எரிச்சல் வருகிறது.

மார்ச் 7
பாடும்போது வான் விலீட் ஹெட்ஃபோன் போட மறுத்தாராம். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து கசிந்த சத்தத்தை வைத்தே பாடினார். செய்து பார்த்தேன்: தட்டை ஓடவிட்டு, பக்கத்து அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு முனகினேன். நாலு ஆவர்த்தம்கூடத் தாங்கவில்லை. அவர் குரலும் பல இடங்களில் தாளத்தைவிட்டு நழுவித்தான் நிற்கிறது. அந்த நழுவலே இப்போது பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

மார்ச் 9
முழுதாகக் கேட்டேன், 79 நிமிடம். டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரிகிறது. ‘மூன்லைட் ஆன் வெர்மான்ட்’டில் பழைய ப்ளூஸ் எலும்பு அப்படியே துருத்திக்கொண்டிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சரியான முடிவு.

உறையை எடுத்துப் பெயர்களைப் படித்தேன். 1969இல் அச்சான அந்த உறையில் ஜான் ஃபிரெஞ்சின் பெயர் இல்லை.