எங்கப்பன் குதிருக்குள் இல்லை... அப்ப எதுக்குள்ளே?

சின்னசேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன பையன் அவன். முதலாண்டு ஆங்கில வகுப்பு. ஆளுக்கொரு பழமொழியை ஆங்கிலத்தில் மாற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவன் எடுத்துக் கொண்டது "எங்கப்பன் குதிருக்குள் இல்லை". கடன்காரர் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளை உளறிக் கொட்டிய அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குதிருக்கு அவன் போட்ட சொல் 'பின்'. அகராதியில் தானியம் வைக்கும் கலன் என்றுதான் இருந்தது. ஆனால் வகுப்பே சிரித்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு பின் என்றால் குப்பைத் தொட்டி. "ஏன்டா, உங்கப்பா குப்பைத் தொட்டியிலயா இருப்பாரு?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வேறு. பையன் உட்கார்ந்து விட்டான். அந்த வருடம் முழுக்க ஆங்கில வகுப்பில் அவன் எழுந்து பேசவே இல்லை.

இத்தனைக்கும் அவன் எழுதியது தப்பே இல்லை. பழைய ஆங்கிலத்தில் பின் என்றால் மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி. தானியத்துக்கும் அதே பெயர். குப்பை வந்து சேர்ந்தது ரொம்பப் பிற்பாடு. நம் நாட்டிலேயே தானியப் பாதுகாப்புக்காக மத்திய அரசு விவசாயிகளிடம் கொண்டு போன தகரக் கலனுக்குப் பெயர் 'ஹாப்பூர் பின்'. உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது ஹாப்பூர்.

சரி, வேறு எதைப் போட்டிருக்கலாம்? பாக்ஸ் என்றால் மூடியைத் திறந்து கையை விட்டு எடுக்கும் சாமான். குதிர் அப்படி இல்லை. களிமண் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பூசியது, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். நெல்லை மேலே கொட்டி, அடியில் இருக்கும் ஓட்டை வழியாக எடுக்க வேண்டும். செஸ்ட் என்றால் மரம், கனம், பூட்டு. அது பத்தாயத்துக்கு வேண்டுமானால் சரியாக வரும். கிரானரி ஒரு கட்டடம். சைலோ என்று போட்டால் அப்பா ஏவுகணைக்குப் பக்கத்தில் ஒளிந்த மாதிரி ஆகிவிடும்!

சிரித்தவர்கள் வீட்டிலெல்லாம் பீரோ இருந்திருக்கும். இங்கிலாந்துக்காரரிடம் பீரோ என்றால் எழுதுகிற மேஜை. அமெரிக்காவில் இழுப்பறைகள் வைத்த பெட்டி. பிரெஞ்சுக்காரருக்கு மேஜையும் அதுதான், அலுவலகமும் அதுதான். மேஜை மேல் விரித்த முரட்டுத் துணியின் பெயரிலிருந்து வந்த சொல்லாம். பட்டுப்புடவையும் நகையும் வைத்துப் பூட்டும் இரும்புச் சாமானுக்கு அந்தப் பெயர் வைத்தது நாம்தான். கோத்ரேஜ் 1923ல் இந்த வகை இரும்பு அலமாரியைக் கொண்டு வந்தபோது வைத்த பெயர் வேறு, ஸ்டோர்வெல். அலமாரியாவது ஆங்கிலமா என்றால் அதுவும் இல்லை, போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனது. நம் செய்தித்தாள்களில் வரும் 'பீரோ புல்லிங்' கொள்ளையை ஒரு வெள்ளைக்காரர் படித்தால், திருடர்கள் ஆபீசையே இழுத்துக்கொண்டு போனதாக நினைப்பார். இதற்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் ஆயாவிடம் கதையைச் சொன்னான். ஆயா பிறந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். "அங்க ஏதுடா குதிரு? மூங்கிக் கூடையில சாணி மொழுவி சாமையக் கொட்டி வைப்போம். தின்னறது ஒரு கூட, வெதைக்கு ஒரு கூட. வெதைக் கூடையில பசிச்சாலும் கை வெக்கக் கூடாது" என்றாள். இரண்டையும் பேஸ்கெட் என்று எழுதினால் இந்த வித்தியாசம் எங்கே போகும்?

திரும்பிப் போனவன் தன் நோட்டில் பின் என்ற சொல்லை அடித்தான். ஆங்கில எழுத்திலேயே குதிர் என்று எழுதி, கீழே ஒரே ஒரு வரி சேர்த்தான்: மண்ணால் செய்தது, ஒரு வருட நெல் கொள்ளும், ஒரு ஆள் தாராளமாக ஒளியலாம்.